கால் விசாரிக்க வந்தவர்கள்

என் மகள் இனியா பிறந்த அன்று அறைக்குள் வந்த முதல் சொந்தக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போர்த்தியிருந்த துண்டை நுனியில் பிடித்துத் தூக்கிக் காலைப் பார்த்தார். ஜவுளிக்கடையில் சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர் மாதிரி துண்டைத் திரும்பப் போட்டார். அவர் என் கணவரின் அக்கா ராசாத்தி. தளவாய்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். செய்தி எப்படியோ அவருக்கு முன்பே போய்விட்டது.

"வலது காலா?" என்றார். அவ்வளவுதான் விசாரிப்பு. எனக்குத் தையல் போட்ட இடத்தில் வலி உயிர் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டாக இருக்கிறேன். பொய் சொல்கிறவர்கள், அழுது நடிக்கிறவர்கள், அடுத்தவர் வீட்டுச் சண்டையைச் சுவர் ஏறிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரையும் தினமும் பார்க்கிற வேலை. மனிதர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. இருந்த கொஞ்சமும் என் மகள் பிறந்த பிறகு போய்விட்டது. ஸ்டேஷனுக்கு வரும் திருடனாவது தான் திருடன் என்று தெரிந்து வருகிறான். கால் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் தங்களை நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டு வந்தார்கள்.

பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில்தான் பிறந்தாள். அவளுடைய வலது கால் இடது காலைவிடக் குட்டை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முன்பக்கமாக வளைந்து, வளைவின் உச்சியில் கன்னக்குழி மாதிரி ஒரு குழி. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அதில் மூன்று விரல்கள். பிரசவம் பார்த்த டாக்டர் இதை என்னிடம் சொல்லவில்லை, எதிரே இருந்த சுவரிடம் சொன்னார்.

"ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்கணுமே" என்றார், வேறு ஏதோ ஊரில் எடுத்த ஸ்கேன் மாதிரி. எல்லா ஸ்கேனும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எடுத்ததுதான். ஒவ்வொரு தடவையும் "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பினார்கள். இதைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஸ்கேனில் முன்பே தெரிந்திருந்தாலும் கால் மாறியிருக்காது என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் அன்று அவர் சுவரைப் பார்த்துப் பேசியதை மன்னிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பிறகு காரணம் சொல்கிறவர்கள் வந்தார்கள். கிரகண நேரத்தில் நான் காய் நறுக்கியிருப்பேன் என்றார் ஒருவர். ஏழாம் மாதம் வரை பைக் ஓட்டியது தப்பு என்றார் இன்னொருவர். குலசாமிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று சொன்னவர், தன் வீட்டுக் குலசாமி எந்த ஊரில் இருக்கிறது என்பதையே அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள். இவர்களையெல்லாம் என்னால் காதில் வாங்காமல் விட முடிந்தது. ராசாத்தி மதினி சொன்னதை மட்டும் விட முடியவில்லை. அவர் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. சமையலறையில் நின்று எனக்குக் கேட்கிற மாதிரி என் அம்மாவிடம் சொன்னார்.

"ஸ்டேஷன்ல எவன் கால லத்தியால அடிச்சு ஒடச்சாளோ. அந்தப் பாவம் பிள்ள கால்ல வந்து நிக்கி."

நான் யார் காலையும் ஒடித்ததில்லை. என் வேலை பெரும்பாலும் அழுதுகொண்டு வரும் பெண்களை உட்காரவைத்துப் புகார் எழுதி வாங்குவதுதான். இருந்தாலும் ஒரு மத்தியானம், பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் யாரை எப்போது என்ன செய்தேன் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று சுதாரித்துக்கொண்டேன். அப்படி ஒரு மடத்தனமான பேச்சு எனக்குள்ளும் புகுந்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்ததே என்பதுதான் அதைச் சொன்னவரைவிட எனக்கு அதிகக் கேவலமாக இருந்தது.

மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை ராஜபாளையம் வந்து பார்க்கும் குழந்தைகள் எலும்பு டாக்டரிடம் இனியாவைக் கொண்டுபோனோம். வரவேற்பறையில் சுவரெங்கும் வெள்ளைக்காரக் குழந்தைகள் சிரிக்கிற படங்கள். கீழே உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. டாக்டர் நடுவயதுப் பெண். நாங்கள் உள்ளே போனபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் சுவரைப் பார்க்கிற ரகம்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாங்க மேடம்" என்றார். என்னை இல்லை, இனியாவை.

மேசையிலிருந்து ஒரு தடித்த மார்க்கரையும் ஒரு பேனாவையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே இப்படி இரண்டு எலும்புகள் உண்டு. உள்பக்கம் தடித்தது, வெளிப்பக்கம் மெல்லியது. இனியாவுக்கு மெல்லியது உருவாகவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தனியாக நின்ற மார்க்கரைக் காட்டினார். கணுக்காலுக்கு வெளிச்சுவராக இருக்க வேண்டியது அந்த மெல்லிய எலும்பின் நுனிதான். சுவர் இல்லாததால் பாதம் வெளியே சரிகிறது. அந்தக் கால் வளரும், ஆனால் மற்றதற்கு ஈடாக வளராது. பெரியவளாகும்போது ஒரு சாண் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

"எதனால டாக்டர்?"

"தெரியாது. வயித்துல கை கால் உருவாகுற ஆரம்பத்துலயே நடந்தது. நீங்க செஞ்சதுனாலயும் இல்ல, செய்யாததுனாலயும் இல்ல."

அதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லியிருந்தார்கள். 'தெரியாது' என்ற வார்த்தையை முதலில் சொன்னவர் அதைப் படித்த ஒருவர்தான்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பாதத்தை வைத்துக்கொண்டு காலை நீட்டுவது. எலும்பை வெட்டி, வெளியே இரும்பு வளையங்கள் மாட்டி, கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போவது. ஒரு தடவையில் முடியாது. பள்ளிக்கூடம் முடிக்கிற வரை திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் இனியாவின் பாதம் விறைத்து, வலியோடுதான் இருக்கும். இன்னொன்று, அவள் எழுந்து நிற்கத் தொடங்கும் வயதில் பாதத்தை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்துவது.

"எடுக்குறதுன்னா?" என்றார் என் கணவர் பாண்டி. ராணுவத்தில் ஹவில்தார். விடுப்பில் வந்திருந்தார்.

"கணுக்கால்கிட்ட. குதிகால் தோல மட்டும் விட்டுவச்சு, அதையே அடியில மெத்தை மாதிரி மூடித் தைச்சிடுவோம். குதிகால் தோல் நிக்கிறதுக்குன்னே உள்ளது. எங்க பிள்ளைக்கு இப்படி இருந்தா நான் இதத்தான் செய்வேன்."

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தோம். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. இனியா தன் வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய் மூன்று விரலையும் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் அந்தப் பாதம்தான். இடது பாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

பாண்டியோடு ராணுவத்தில் இருந்தவர் பாலுச்சாமி அண்ணன். எல்லையில் கண்ணிவெடியில் ஒரு கால் போய், ஓய்வு வாங்கி, தேவதானத்தில் விவசாயம் பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போனோம். வயலில் இருந்தார். "வாங்க, அங்க போயி உக்காந்து பேசுவோம்" என்று வரப்பில் முன்னால் நடந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களால் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மோட்டார் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

"வலிக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"வலிக்கும். வேர்த்தா புண்ணாவும். எல்லாத்துக்கும் பழகிரும்மா." இனியாவின் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதைப் பார்க்கிற மற்றவர்கள் முகத்தில் வருகிற சுளிப்பு அவரிடம் வரவில்லை. "எனக்குப் போம்போது முப்பது வயசு. அந்தக் கால வச்சு ஓடியிருக்கேன், பந்து வெளையாடியிருக்கேன். அதான் அம்புட்டு அழுதேன். இவ அந்தக் கால்ல நின்னுகூடப் பாக்கல. எடுக்கதுன்னா அதுக்கு முன்னாடி எடுத்துருங்க. போட்டு இழுக்காதிய."

திரும்பி வரும் வழியில் பாண்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எடுத்துருவோம்."

அந்தச் செய்தி பரவியதும் முன்பு வந்தவர்களெல்லாம் இரண்டாவது தடவை வந்தார்கள். ஊனத்தோடு பிறந்த பிள்ளையைப் பார்ப்பதைவிட, பிள்ளையின் காலை வெட்டப்போகிற தாயைப் பார்ப்பது அவர்களுக்கு இன்னும் சுவாரசியம். ஒருவர் மலைப்பக்கம் யாரோ காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைக் கொண்டுவந்தார். மண்டலக் கணக்கில் தேய்த்தால் எலும்பு முளைக்குமாம். அவருக்குத் தலை முழுக்க வழுக்கை. ஒரு மயிரை முளைக்கவைக்க முடியாத எண்ணெயா எலும்பை முளைக்கவைக்கப் போகிறது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனவர் எண்ணெயை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

ராசாத்தி மதினி கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"ஏட்டி சங்கரி, பெத்த தாயா நீ? ஆண்டவன் குடுத்த கால வெட்டச் சொல்லுத?"

"ஆண்டவன் முக்காவாசிதான் குடுத்திருக்காரு மதினி. மிச்சத்த நாங்க போட்டுக்கிடுதோம்."

"வாயி மட்டும் நல்லா வாய்ச்சிருக்கு ஒனக்கு. பொம்பளப் பிள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"பத்து மாசப் பிள்ளைக்கு மாப்பிள்ள பாக்குத ஆளு மேலதான் மொதல்ல கேஸ் போடணும்."

அவர் தம்பியைப் பார்த்தார். பாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "டாக்டர்கிட்ட சரின்னு சொல்லியாச்சுக்கா. நீ சாப்ட்டியா?" என்றார். மதினி சாப்பிடாமல் போனார். அன்று வைத்த மீன்குழம்பு நன்றாக இருந்தது. நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் முதல் தடவை சேர்ந்தபோது அறுவை சிகிச்சை நடக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். இருதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ஓர் உறுப்பு சரியாக உருவாகாத குழந்தைக்கு மற்ற உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்களாம். இருதயம் நன்றாக இருந்தது. ஆனால் மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சளி இருக்கிறது, இப்போது மயக்கம் கொடுத்தால் மூச்சு அடைக்கும், சளி போனபிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தச் சளி, வழியனுப்ப வந்து பிள்ளையை முத்திமுத்திக் கொஞ்சிய உறவினர் ஒருவர் கொடுத்தது. அதுவரை அவளைத் தொடவே யோசித்தவர், அன்றைக்குப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாசத்தைக் காட்டினார். பாண்டி விடுப்பை நீட்டிக்கக் கேட்டுப் போனில் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தடவை சேர்ந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மயக்கம் கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும். தாய்ப்பாலும் கூடாது. காலையில் இனியா பசித்து அழுதாள். என் மேல் பால் வாசனை வந்ததால் என்னிடம் இருக்கும்போது இன்னும் அதிகமாக அழுதாள். கடைசியில் பாண்டி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார். என்னைப் பக்கத்தில் வரவேண்டாம் என்று கையால் காட்டினார். பிள்ளைக்கு என் பக்கம் முகம் தெரியாமல் பார்த்துக்கொண்டார். என் சட்டை பாலில் நனைந்து ஒழுகியது. இந்த இடத்தில் எனக்கு யார்மேலும் இளக்காரம் வரவில்லை. அதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

அறுவை அரங்கின் வாசலில் பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பிள்ளையின் வலது பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "தாங்கம்மா, டாக்டர் வெயிட் பண்றாங்க" என்றார். பாதத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். மூன்று விரலுக்கும் தனித்தனியாகக் கொடுக்க நினைத்தேன், அதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவு மூடியதும் பாண்டி அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்ட, நெஞ்சு நிமிர்ந்து, பரேடில் நிற்கிற மாதிரி. தான் அப்படி நிற்பது அவருக்கே தெரியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் விலகிப் போனார்கள். உட்காரச் சொன்னேன். காதில் விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஊழியர் வந்து கேட்டார். எடுத்த பகுதியை நீங்கள் வாங்கி அடக்கம் செய்கிறீர்களா, இல்லை ஆஸ்பத்திரியே எரித்துவிடலாமா? இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் அதைக் கேட்ட குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது.

"ஒருக்கா பாக்கலாமா?" என்று பாண்டி கேட்டார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். "அவியளே பாத்துக்கிடட்டும்னு சொல்லிட்டேன்" என்றார். என்ன பார்த்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. 

இனியாவைக் கொடுத்தபோது காலில் தொடை வரை மாவுக்கட்டு. முதுகில் ஓர் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். அதனால் முதல் நாள் வலி தெரியவில்லை, தூங்கினாள். மறுநாள் மருந்தின் வேகம் குறைந்ததும் ஆரம்பித்தது. அதை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. பிள்ளையின் அழுகையில் பல தினுசு இருக்கிறது என்று தாய்மார்களுக்குத் தெரியும். அது அதற்குமுன் நான் கேட்காத தினுசு. சொட்டுமருந்து கொடுத்தார்கள், பிறகு ஊசி. டாக்டர் வந்து பார்த்து, காயத்துக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, குதிகால் தோல் பிடித்துக்கொண்டது என்றார். அந்தத் தோல் பிடிக்காமல் கருத்துப்போனால் இன்னும் மேலே வெட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்றார். அவர் நினைத்தது சரிதான். அவரிடம் நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அழுகை குறைந்த ஒரு காலையில் இனியா மல்லாந்து படுத்திருந்தாள். பழக்கத்தில் வலது கையை நீட்டிப் பாதத்தைத் தேடினாள். மாவுக்கட்டு தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டே கீழே போனாள். முடிகிற இடத்தில் கை காற்றைப் பிடித்தது. திரும்பவும் தேடினாள். என்னைப் பார்த்தாள். அவள் அழுவாள், நான் செத்தேன் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இடது பாதத்தை இழுத்தாள். பெருவிரலை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினாள். முகம் கொஞ்சம் கோணியது, ருசி மாறியதுபோல. பிறகு பழகிவிட்டது.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

செய்தி எப்படியோ கசிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போது எங்களைக் காப்பாற்றியது என் அப்பா. நூல் மில்லில் வேலை பார்த்து இயந்திர இரைச்சலில் பாதிக் காது போனவர். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் தூக்குவாளியில் ரசம் சோறும் பிள்ளைக்கு இட்லியும் கொண்டுவருவார். வந்ததும் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும்.

"பிள்ள கால எடுத்துட்டாகளாமே?" என்று வருகிறவர் கேட்பார்.

"ஆமா, இப்பதான் சாப்ட்டேன்" என்பார் அப்பா.

"இல்ல, கால! காலு!"

"காலையில வந்துட்டேன். பஸ்ல நல்ல கூட்டம்."

வார்டு முழுக்கக் கேட்கும்படி "காலு, காலு" என்று கத்துவதற்கு வருகிறவர்களுக்கே வெட்கமாக இருக்கும். ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பாதிக் காதில் நன்றாகவே கேட்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா இனியாவைப் பற்றி என்னிடம் ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை. அந்த நாற்காலியைத்தான் போட்டார்.

ஒருவர் மட்டும் அப்பாவைத் தாண்டி உள்ளே வந்து, போனை எடுத்துப் பிள்ளையின் மாவுக்கட்டைப் படம் பிடித்தார். "சொந்தக்காரங்க குரூப்ல போட்டா எல்லாரும் சாமி கும்பிடுவாக" என்றார். போனை வாங்கிப் படத்தை அழித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். "இன்னொரு தடவ எடுத்திய, ஸ்டேஷன்ல வந்துதான் வாங்கிக்கிடணும்" என்றேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாண்டியின் ராணுவ வேலைக்கு உள்ள மருத்துவச் சலுகையில் செலவில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அந்தத் தாய் நர்ஸ் வரும்போதெல்லாம் பில்லைப் பற்றித்தான் முதலில் கேட்டார், பிள்ளையைப் பற்றிப் பிறகுதான் கேட்டார். அதைப் பார்த்து முகம் சுளித்த ஆட்களும் அந்த வார்டில் இருந்தார்கள்.

கட்டுப் பிரித்து, காயம் ஆறி, வீக்கம் வற்றியபிறகு செயற்கைக் காலுக்கு அளவெடுத்தார்கள். மாவு தோய்ந்த ஈரத்துணியைக் காலில் சுற்றி அச்சு எடுத்து, அதற்கேற்ப மேலே கூடு மாதிரியும் கீழே ரப்பர் பாதமும் செய்தார்கள். இதற்கிடையில் ஒரு சேவைச் சங்கத்துக்காரர் வீடு தேடி வந்தார். காலை இலவசமாகத் தருகிறார்களாம். மேடையில் வைத்துத் தருவார்களாம், பேனரில் பிள்ளையின் படம் வேண்டுமாம், காலில்லாமல் ஒன்று, காலோடு ஒன்று. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் காபி இல்லை என்று சொல்வதில்லை.

கால் வந்தது. இனியா அதை வெறுத்தாள். மாட்டிவிட்டால் உட்கார்ந்து பட்டையைப் பிய்ப்பாள், கழற்றித் தூர எறிவாள். கழற்றினால் எந்தக் கவலையும் இல்லாமல் முட்டிபோட்டு வீடு முழுக்க ஓடுவாள். பாண்டி முகாமுக்குத் திரும்பியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் குடியிருப்பில் நானும் அம்மாவும் அவளும். ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தபோது, அவள் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இரண்டு காலிலும் நின்று. "காலையிலருந்து இதே வேலதான்" என்று அம்மா சலித்துக்கொண்டார். நான் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி என் முழங்காலில் வந்து இடித்தது. வழியை விடு என்று கத்தினாள்.

பாண்டி அடுத்த விடுப்பில் வந்தபோது அவளுக்கு இரண்டு வயதாகப் போகிற சமயம். நாற்காலி இல்லாமல் நடந்தாள், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. பிறந்தநாளுக்கு ஷூ தானே வாங்கித் தருவதாக ராசாத்தி மதினி தளவாய்புரத்திலிருந்து போன் செய்தார். நான் போனைக் கைமாற்றிவிட்டேன். பாண்டி சரியென்று சொல்லிவிட்டார். ராஜபாளையம் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மதினி தன் முந்தானையால் இனியாவின் காலை மறைத்துக்கொண்டே நடந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்தேன்.

கடையில் இனியாவை முக்காலியில் உட்காரவைத்தோம். பக்கத்தில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "அய்யய்யோ, கட்டக்காலா? இம்புட்டுப் பச்சப் பிள்ளைக்கா?" என்று குனிந்து தொடப்போனார். நான் வாயைத் திறக்குமுன் மதினி திரும்பினார்.

"ஏட்டி, ஒஞ் செருப்ப நீ பாத்து வாங்கு."

அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சமையலறையில் அவர் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் முந்தானை அவர் கையிலிருந்து நழுவித் தோளுக்குப் போயிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்கார பாய் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு குந்தி உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ரோஸ் நிற ஷூவை எடுத்து இரண்டு காலுக்கும் மாட்டி, வாரை இழுத்து ஒட்டினார். அவளை இறக்கிவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல வலது ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"கடிக்குதா பாப்பா?"

கேட்டபிறகுதான் விரலுக்குத் தட்டுப்பட்டது ரப்பர் என்று அவருக்குப் புரிந்தது. கை அப்படியே நின்றது. முகம் சிவந்து என்னைப் பார்த்தார். பாண்டி ஏதோ சொல்ல வந்தார். இனியா யாரையும் பார்க்கவில்லை. குனிந்து அந்த ஷூவைப் பார்த்து வெகுநேரம் கவனமாக யோசித்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்ல."

பிறகு இடது காலைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"இது கடிக்கி."

பாய் எழுந்து ஒரு சைஸ் பெரிதாக எடுக்க உள்ளே போனார்.